தொண்ணூறு கிலோவுக்கு மேல்

அக்கா,

இன்று காலை நீல ட்ரம்மின் மூடியைத் திறந்ததும் புளித்த ரொட்டியின் வாடை முகத்தில் அடித்தது. கடற்கரைப் பக்கத்துப் பேக்கரியில் மீந்துபோகும் அந்த நீள ரொட்டிதான். முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் தவிட்டோடு சேர்த்துக் காய்ச்சுவோமே, அதே வாடை. ஊருக்கெல்லாம் அது நாற்றம். எனக்கு நீ பக்கத்தில் வந்து நிற்பது போல இருந்தது. "மூக்க மூடாதடி செல்வி, நாளைக்கு இதுதான் காசு" என்று நீ சொல்வது காதில் விழுந்தது. கிண்டுகிற கட்டையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன். பன்றிகள் எனக்காகப் பொறுக்குமா என்ன, கத்தித் தீர்த்துவிட்டன.

நேற்று பன்றி வாங்க வந்த வியாபாரி ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னிடம் சண்டை போடவேண்டும், நீயோ இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பஞ்சு மில்லை மூடியபோது உன் வீட்டுக்காரர் உயிரோடு இல்லை, அங்கே வேலை பார்த்த என் வீட்டுக்காரர் இருந்தும் வேலையில்லை. நீ சமையல் செய்துகொண்டிருந்த வீட்டு வெள்ளைக்கார மதாமும் பிரான்சுக்கே போய்விட்டாள். உனக்கு மிஞ்சியது உழவர்கரைக்கு அப்பால் அரைக் காணி நிலம். "பன்னி வளக்கலாம், வர்றியா?" என்று கேட்டாய். "சீ, கருமம்!" என்று முகத்தைச் சுளித்தேன். "சுளிச்ச மூஞ்சிய வச்சிக்கினு எத்தினி நாளு பட்டினி கெடப்ப?" என்றாய். மறுநாளே உன் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து ட்ரம்மைப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஓட்டல் மிச்சத்தில் எலும்பு, எலுமிச்சைத் தோல், பல்குத்தும் குச்சி, பிளாஸ்டிக் எல்லாம் கிடக்கும். கையை விட்டுத் துழாவி எடுப்போம். குடியிருப்புக்காரர்கள் நாற்றம் என்று சண்டைக்கு வருவார்கள். நான் பதிலுக்குக் கத்துவேன். நீயோ, கிறிஸ்துமஸுக்கு இரண்டு கிலோ கறியை அவர்கள் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்து வாயை அடைப்பாய்.

அந்தத் தொழிலின் கணக்கு முழுவதும் உன் வாயில் இருந்தது. தீனியை விலைக்கு வாங்கினால் பன்றியில் மிஞ்சாது, மிச்சத்தை அள்ளி வந்தால்தான் மிஞ்சும். குட்டி விலை குறைகிற மாதத்தில் குட்டி வாங்கு. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொல்வாய்: "தொண்ணூறு கிலோ வரைக்கும் பன்னி நமக்குத் திங்கும். அதுக்கு மேல அது தனக்குத்தான் திங்கும். தொண்ணூற தொட்டா ஏத்தி விட்டுடணும்."

நிறுவைக்கு வெறும் வயிற்றோடு விடவேண்டும் என்பது வியாபாரிக்கும் நமக்கும் இருந்த பேச்சு. முதல் முறை நான் என்ன செய்தேன், நினைவிருக்கிறதா? உனக்குத் தெரியாமல் விடியற்காலையில் வாளி வாளியாகக் கஞ்சித்தண்ணீர் ஊற்றிவிட்டேன், இரண்டு கிலோ கூடுமே என்று. தராசில் தூக்கினதுதான் தாமதம், பன்றி அத்தனையையும் வியாபாரியின் வேட்டி மேலேயே விட்டது. அவர் தலைக்கு நாலு கிலோ கழித்துக்கொண்டார். நீ என்னைத் திட்டவில்லை, விழுந்து விழுந்து சிரித்தாய். "ரெண்டு கிலோவுக்கு ஆசப்பட்டு நாலு கிலோவ வுட்டியே, நீ நல்லா வருவ" என்றாய். அன்றைக்கே என் புத்தியை நீ கண்டிக்க வேண்டியது. செல்லம் கொடுத்துவிட்டாய்.

ஒரு வருஷம் ஐப்பசியில் ஒன்பது உருப்படி தொண்ணூறைத் தொட்டு நின்றன. "வித்துத் தள்ளிவுட்டுடலாம்டி" என்றாய். எனக்கு வீட்டு ஓடுகளை எடுத்துவிட்டுத் தளம் போடவேண்டும் என்ற ஆசை பேய் மாதிரி பிடித்திருந்தது. "இன்னாக்கா நீ? கிறிஸ்மஸுக்கு வெல எப்பிடி ஏறும்னு உனக்குத் தெரியாதா? மாதா கோயிலுக்குப் போறவ நீ, நான் சொல்லணுமா?" என்று குதித்தேன். "தீனி யாரு போடறது?" என்றாய். "நான் இன்னும் ரெண்டு ஓட்டல் புடிக்கிறேன். உன்னால ஆவலன்னா சும்மா குந்து" என்றேன். என் வாய் அப்படி. நீ கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாய். பிறகு, "சரி, இருக்கட்டும்" என்றாய். அந்தப் பார்வை என்ன பார்வை என்று நேற்றுதான் எனக்குத் தெரிந்தது.

கார்த்திகை மழையில் பக்கத்துப் பட்டிகளில் காய்ச்சல் வந்தது. நம் பட்டியிலும் ஒன்று படுத்தது. மனிதனுக்கு ஒட்டாத காய்ச்சல், ஆனால் பன்றிக்கு மருந்தில்லை. சுற்றுவட்டாரத்தில் நோய் வந்தது, வராதது எல்லாவற்றையும் கொன்று புதைக்கவேண்டும் என்று அரசாங்க ஆட்கள் வந்து நம் நிலத்திலேயே குழி வெட்டினார்கள்.

அன்று காலை நீ வழக்கம்போல ரொட்டியும் தவிடும் காய்ச்சினாய். தீனித் தொட்டியில் வழிய வழிய ஊற்றினாய். "சாவப் போறதுக்கு எதுக்கும்மா தீனி?" என்று வந்தவர்களில் ஒருவர் கேட்டார். "இன்னிக்கு நிறுக்கப் போறது யாருய்யா? வயிறு ரொம்பட்டும்" என்றாய். உன் குரலைக் கேட்டதும் அந்தக் காது மடங்கிய தாய்ப்பன்றி ஓடி வந்து உன் முழங்காலில் மூக்கைத் தேய்த்தது. நான் வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நீ கடைசி உருப்படி வரைக்கும் அங்கேயே நின்றாய்.

ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லையே, அக்கா! நிலம் ஆறட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்து, மறுபடியும் இரண்டு குட்டி வாங்கி வந்தாய். கொடுத்த நிவாரணம் அதற்குத்தான் சரியாக இருந்தது. அதற்குள் பிரான்சில் வாழ்க்கைப்பட்ட உன் மகளுக்குப் பெண் பிறந்திருந்தது. பட்டியில் நின்று குட்டியைத் தூக்கி போனுக்கு நேராகக் காட்டுவாய். அதன் காதுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பாய். அந்தப் பக்கம் பேத்தி பிரெஞ்சில் "கொஷோன், கொஷோன்" என்று கையைத் தட்டும். "பன்னின்னு சொல்லுடி" என்று கொஞ்சுவாய். "நேர்ல போய்ப் பாக்கலையா?" என்று ஒருமுறை கேட்டேன். "மருமவன் காசுல போயி அவங்க வூட்ல குந்தினா சோறு எறங்காது. என் காசு சேரட்டும்" என்றாய். சேருவதற்குள் ஒரு மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பட்டிக்குள்ளேயே சாய்ந்துவிட்டாய். அடக்கத்துக்கு வந்த உன் மகளின் இடுப்பில் இருந்த பிள்ளை, பெட்டிக்குள் இருந்த உன்னை அடையாளம் தெரியாமல் பார்த்தது.

நேற்று ஆறு உருப்படியை நிறுத்து ஏற்றிவிட்டு, டீ குடித்துக்கொண்டே வியாபாரி சொன்னார். "காய்ச்சல் வந்த வருஷம் உங்க அக்கா ஐப்பசியிலியே எங்கிட்ட அச்சாரம் வாங்கிட்டாங்கம்மா. பொண்ணு பிரசவத்துக்குப் போவணும், இப்ப டிக்கெட் போட்டாத்தான் ஆவும்னாங்க. மறுநாளே கொண்டாந்து திருப்பிக் குடுத்துட்டாங்க. செல்வி வூட்டுக்குத் தளம் போடணும்ங்கறா, கிறிஸ்மஸ் வரைக்கும் இருக்கட்டும், பொறந்தப்பறம் போய்ப் பாத்தா மட்டும் கொழந்த கொழந்தயில்லாம ஆயிடுமான்னு சொல்லிச் சிரிச்சாங்க."

அடிப்பாவி, ஏன் அக்கா என்னிடம் சொல்லவில்லை? கன்னத்தில் ரெண்டு அறை கொடுத்து, "என் பொண்ணு பிரசவத்துக்கு நான் போவணும், வாய மூடு" என்று சொல்லியிருக்கக் கூடாதா? நான் அவ்வளவு கெட்டவளா? சொல்லியிருந்தால் அன்று மாலையே ஒன்பதையும் வண்டியில் ஏற்றியிருப்பேனே. நீ அந்தப் பிள்ளையை மடியில் போட்டிருப்பாயே. கெட்டபின் ஞானி என்பார்கள், இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? என் வீடு இன்னும் ஓட்டு வீடுதான். மழை பெய்தால் ஒழுகுகிற இடத்தில் குண்டான் வைக்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், இனி அதற்குத் தளம் போட எனக்கு மனம் வராது.

உன் மகள் சொல்லி உன் நிலத்தில் நான்தான் இன்னும் வளர்க்கிறேன். நேற்று அந்த வியாபாரியே, "கிறிஸ்மஸ் வரைக்கும் வச்சிருந்தா நல்ல வெல வருமேம்மா" என்றார். "தொண்ணூறு ஆயிட்டுது, ஏத்துங்க" என்றேன். ஒரு நாள்கூட மேலே வைப்பதில்லை. உன் சொல்லில் நான் காப்பாற்றியது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் உன் மகள் போனில் கூப்பிடுகிறாள். பேத்தி நன்றாக வளர்ந்துவிட்டாள். உன்னைப் போலவே நானும் அவளுக்குக் குட்டியைத் தூக்கிக் காட்டுகிறேன். நீ குட்டியைத் தூக்கிக் காட்டியதையெல்லாம் உன் மகள் போனில் பிடித்து வைத்திருக்கிறாள் போல, பேத்தி அதைத் தினமும் பார்ப்பாளாம். அதனால் குட்டியைத் தூக்கினால் அதன் காதுக்குப் பின்னாலிருந்து உன் முகம் எட்டிப் பார்க்கும் என்று அவளுக்கு நினைப்பு. "ஆயா?" என்று கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துத் தேடுகிறாள். நான் குட்டியை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, என் முகத்தை மறைத்துக்கொள்கிறேன்.