பூட்டிய தோப்பு

ஸ்டுட்கார்ட்,
12-11-1969

அன்புள்ள அண்ணாவுக்கு அம்பிகாவின் நமஸ்காரம். இங்கே சௌக்கியம். மன்னிக்கு முதுகுவலி தேவலையா? அவள் அனுப்பிய சாம்பார்ப் பொடி வந்தது. லேபிலேயே பார்சலைப் பிரித்துத் தொலைத்தேன்; எல்லோரும் தும்மித் தீர்த்துவிட்டார்கள்.

பக்கத்து மேஜைக்காரி நோராவைப் பற்றி எழுதியிருக்கிறேனே, அயர்லாந்துப் பெண். போன மாதம் அவள் அப்பா இறந்து ஊருக்குப் போய்வந்தாள். அவள் காட்டிய போட்டோவில் ஒன்று எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் நல்ல தார் ரோடு இருக்க, சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடிந்த மதில் வழியாக முள்ளுக்குள் இறங்குகிறார்கள். துக்கத்தில் இருப்பவளிடம் கேட்கலாமா என்று ஒரு நாள் பொறுத்தேன். அதற்குமேல் என்னால் முடியுமா?

அந்த முள்காடு ஒரு காலத்தில் ஜமீன் பங்களாத் தோட்டமாம். கல்லறைக்கு வழி அதற்குள்ளேதான். ஜமீன்தார் மதில் எழுப்பிக் கேட்டைப் பூட்டிவிட, ஊர் ஜனம் பிணத்தோடு மழையில் சுற்றிப் போனார்களாம். இப்போது அந்தக் குடும்பமும் இல்லை, பங்களாவுக்குக் கூரையும் இல்லை. ஆனாலும் இன்றுவரை யார் செத்தாலும் அந்த வழியாகத்தான் எடுத்துப் போகிறார்கள். கேட் இருந்த இடத்தில் பெட்டியை இறக்கி, சற்று நின்றுவிட்டுப் போவது அங்கே வழக்கம்.

அந்த ஜமீன்காரர்கள் நல்லதே செய்யவில்லையா என்று குடைந்தேன். பள்ளிக்கூடம் கட்டினார்களாம், பஞ்சத்தில் கஞ்சி ஊற்றினார்களாம். அதையெல்லாம் யோசித்து யோசித்துச் சொன்னாள். பூட்டியதை மட்டும் நேற்று நடந்தது மாதிரி சொன்னாள். அது அவள் பாட்டனார் காலத்து விஷயம், அண்ணா.

உங்கள் ஊரில் நிலக்காரர்கள் எப்படி என்று கேட்டாள். நாங்கள்தான் நிலக்காரர்கள் என்றேன். அதற்கு அவள், உங்கள் தோட்டத்துக்குள் வழி உண்டா என்று மட்டும் கேட்டாள். உண்டு என்றேன்.

அன்று சாயங்காலமே உன் கடிதம் வந்தது. தேங்காய் திருட்டுப் போகிறதென்று தோப்பைச் சுற்றிக் கம்பிவேலி போட்டுப் பூட்டிவிட்டாயாம். உன் கோபம் நியாயம்தான். ஆனால் நம் வயலில் உழைக்கும் கீழத்தெரு ஜனங்கள் அந்த வழி இல்லாமல் சுடுகாட்டுக்கு எப்படிப் போவார்கள்? சுற்றிப் போனால் கார்த்திகை மழையில் வாய்க்கால் இடுப்பளவு ஓடுமே. அந்தத் தெருக் கண்மணியின் மாமனாருக்குக் கஞ்சிகூட இறங்கவில்லை என்று அதே கடிதத்தில் நீதானே எழுதியிருக்கிறாய். அந்தத் தென்னைகளை அப்பாவோடு நின்று நட்டவர் அவர்.

நீ பெரியவன், உனக்குப் புத்தி சொல்ல நான் யார்? கெஞ்சித்தான் கேட்கிறேன், பூட்டை எடுத்துவிடு. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்வரை அவருக்கு உயிர் தங்க வேண்டுமே என்றுதான் கவலையாக இருக்கிறது.

குழந்தைகள் நன்றாக இருக்கட்டும். அவர்கள் காலத்தில் நம் தோப்பு வாசலில் யாரும் பாடையை இறக்கிவைத்து நிற்க வேண்டாம்.

உன் பிரியமுள்ள தங்கை,
அம்பிகா