வீட்டை மிதித்து நிற்கும் படம்

மதினி, முதலில் நம் பிள்ளைகள் சங்கதி. பெரிய பேரன் திருத்தங்கல் பிரஸ்ஸில் மெஷின்மேன் ஆகிவிட்டான். அடுத்தவன் பாலிடெக்னிக் முடித்து ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்குப் போகிறான். கடைக்குட்டிப் பேத்தி பேச்சி, உங்கள் செல்லம், அமெரிக்காவில் சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடுகிறாளே, அந்த லீக்கில் இதுவரை எவரும் அடிக்காத அளவுக்கு ஹோம் ரன் அடித்துச் சாதனை படைத்துவிட்டாள்! காலையில் போனில் சொன்னாள். சந்தோஷத்தில் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். அந்த வாசனையோடு நீங்களும் வந்துவிட்டீர்கள்.

அவள் விடுதியில் தங்கிப் படித்தபோது, விளையாட்டு வாத்தியார் போன் செய்து, "உங்க பேத்தி ஹோம் ரன் அடிச்சிட்டா" என்றார். நீங்கள் என்னைக் கேட்டீர்கள்.

"நீதான் அஞ்சாப்பு படிச்சவளாச்சே, அப்பிடின்னா என்னடி?"

"ஹோமுன்னா வீடு, ரன்னுன்னா ஓட்டம், மதினி."

"ஆத்தி! புள்ள வீட்டுக்கு ஓடியாறாளா? எவ என்ன சொன்னாளோ!"

பட்டாசுக் கம்பெனிக்கு லீவு போட்டீர்கள். கருவாட்டுக் குழம்பை வைத்து இறக்கிவிட்டு, பஸ் ஸ்டாப்பில் சாயங்காலம் வரை நின்றீர்கள். "ஏறப் போறீகளா, இல்ல பஸ்ஸ எண்ணுறீகளா?" என்று கண்டக்டர் கேலி செய்தாராமே.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சி வந்துதான் விளக்கினாள். பந்தை வெகுதூரம் அடித்துவிட்டு, மைதானத்தைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்தையே வந்து மிதிக்க வேண்டும். அந்த இடத்துக்குத்தான் வீடு என்று பெயர். மிதிக்காவிட்டால் அடித்தது கணக்கில் வராது. சிரித்துச் சிரித்து உங்களுக்கு இருமலே வந்துவிட்டது.

"அப்ப நான் கொழம்பு வச்சது சரிதானடி. எம்புட்டுத் தூரம் அடிச்சாலும் வீட்டுக்கு வந்துதானே ஆகணும்?"

அவள் விமானம் ஏறியபோது நீங்கள் படுத்த படுக்கை. "போனவ வருவாளா?" என்று என் கையைப் பிடித்துக் கேட்டீர்கள். "வருவா மதினி" என்றேன். அவள் வருவதற்குள் நீங்கள் முந்திப் போய்விட்டீர்கள். நான் சொன்ன அந்தச் சொல் இன்னும் என் நெஞ்சிலேயே கிடக்கிறது.

இன்று முதலில் அதைத்தான் கேட்டேன். "தீபாவளிக்கு வாரேன் அப்பத்தா. அங்க பட்டாசுச் சீசன் முடியும்போது எனக்கும் ஆட்டச் சீசன் முடிஞ்சிரும்" என்றாள்.

உங்கள் படத்துக்குப் பக்கத்தில் அவளுடைய பழைய படம்தான் மாட்டியிருக்கிறது. மட்டையைத் தூக்கி நிற்கிறாள், இடுப்புக்குக் கீழே இல்லை. "காலு தெரியலையே, புள்ள எங்கன நிக்கான்னு எப்பிடித் தெரியும்?" என்று பார்க்கும்போதெல்லாம் திட்டுவீர்கள். அதையும் சொல்லிவிட்டேன்.

"ஏத்தா, போன்ல அனுப்பாத. அந்த வீட்ட மிதிச்சு நிக்கிற போட்டோ ஒண்ணு புதுசா எடுத்து, தபால்ல போடு. நீ வாரதுக்கு முந்தி அது வரணும். காலு நல்லாத் தெரியணும். ஒம் பெரிய அப்பத்தா இன்னும் பஸ் ஸ்டாப்புலதான் நிக்கா."