தொட்டில் கட்டவேண்டிய சுவர்

பாளையங்கோட்டை,
1911 அக்டோபர்

கர்த்தருக்குள் அன்பான அத்தானுக்கு,

கொழும்பில் சுகமாயிருப்பீர்கள். இங்கே சுகமில்லை.

உங்கள் தங்கை மாப்பிள்ளை தேவதாசன் ஜெபம்பண்ணினால் கல்லும் கரையும் என்று எழுதி, வீடு கட்டும் வேலையை அவரிடமே கொடுக்கச் சொன்னீர்கள். போன வார மழையில் புதுச்சுவர்தான் கரைந்தது. சாந்து அரைக்கவேயில்லை, வெறும் களிமண்ணை வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசி மறைத்திருக்கிறார். கேட்டால், "விசுவாசம் வேணும்க்கா" என்று சிரிக்கிறார்.

"விசுவாசத்தைக் கர்த்தர்மேல வைக்கேன். உங்க சுவர்மேல வைக்க மாட்டேன் தம்பி. நாளையிலேருந்து வரண்டாம்" என்றேன்.

மேலப்பாளையம் மீரான் கொத்தனாரை அமர்த்திவிட்டேன். அவர் கட்டிய வீடுகளுக்கே போய், அடைமழைக்கு அடுப்படி ஒழுகுதா என்று பெண்களைத்தான் கேட்டேன். ஆண்களைக் கேட்டால் கொத்தனாரின் குணத்தைச் சொல்வார்கள்.

சபையை விட்டு வெளியே ஆள் தேடிவிட்டாள் என்று உங்கள் தங்கை அழுது எழுதுவாள். எழுதட்டும். சபையார் வந்து அந்தச் சுவரடியில் படுக்கப்போவதில்லை. மே மாதம் அங்கேதான் தொட்டில் கட்டவேண்டும்.

ஆமாம். நீங்கள் கப்பலேறிய பிறகுதான் எனக்கே நிச்சயமாயிற்று. அதைச் சந்தோஷமாகத் தனிக்கடிதத்தில் எழுத நினைத்திருந்தேன். கோபத்தில் இதிலேயே வந்துவிட்டது.

உங்கள் மனைவி