வழியனுப்பும் சோறு

ஊரிகம்,
கோலார் தங்கவயல்.
பிப்ரவரி 4

அன்புள்ள தம்பி நாகேஷுக்கு, அக்கா ஜெயம்மா எழுதிக்கொண்டது.

நான் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. தினமும் போனில் என் நலத்தை நீ துருவுகிற துருவலுக்குப் பிறகு, நலம் விசாரிக்க நமக்குள் மிச்சம் ஒன்றுமில்லை. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ மூன்று கேள்வி கேட்டுவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதற்காகத்தான் ராபர்ட்சன்பேட்டைத் தபால் ஆபீசுக்குப் போய் ஜெனீவாவுக்கு எவ்வளவு ஸ்டாம்பு என்று விசாரித்து வந்தேன்.

முதலில் ஊர்ச் செய்தி. சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசி இந்த வருஷம் மாசி பிறக்கும் முன்பே பறக்க ஆரம்பித்துவிட்டது. துவைத்த துணியை வெளியே போட முடியவில்லை. பக்கத்து வீட்டுக் கொர்னேலியஸ் அண்ணனின் மகள் ஜெனிட்டாவுக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. இந்த மாதக் கடைசியில் கிளம்புகிறாள். அவள் தம்பி ஃப்ரெடிக்குக் கத்தாரில் உடம்பு தேறிவிட்டதாம். இளைத்துப்போன முகத்தை வீடியோவில் காட்டினான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாகேஷ், நீ என்னிடம் எதையோ மறைக்கிறாய்.

கார்த்திகை மாதம் நீ போன் செய்தபோது குரலில் அவ்வளவு குஷி. உலகத்தின் எந்த மூலையில் எந்தக் காய்ச்சல் கிளம்பினாலும் உன் ஆபீசுக்குச் சேதி வரும், அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பிடிப்பதுதான் உன் வேலை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு, "அக்கா, நம்ம ஊர்ப் பேரு என் மேஜைக்கே வந்திருக்கு" என்றாய். கத்தாரில் ஒருவனுக்கு டைபாய்டு, அவன் ரத்தத்தில் இருந்த கிருமி பழங்காலத்து ஜாதி, இப்போது எங்கும் கண்ணில் படாதது, முந்தின வருஷம் பெங்களூரில் ஒரு பெண்ணுக்கும் அதே கிருமி, இரண்டு பேரும் நம் ஊர்க்காரர்கள் என்றாய். பெயரை மட்டும் சொல்லக்கூடாது என்றாய். நீ சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா? ஃப்ரெடி போய் இறங்கிய இரண்டாவது வாரமே படுத்தது நம் மைன்ஸ் லைன் வீடுகள் முழுக்கத் தெரிந்த கதை. எதிர் லைன் ராஜப்பா மகள் பவ்யா ஹாஸ்டலுக்குப் போன மாதமே ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இரண்டு பெயரையும் நானே சொன்னேன். உடனே நீ பேச்சை நிறுத்திவிட்டாய். போன் கட்டாகிவிட்டதோ என்று நான் ஹலோ ஹலோ என்று கத்தினேன். பிறகு மெதுவாக, "அவங்க ரெண்டு பேரும் ஊர விட்டுப் போறப்ப நம்ம வீட்டுக்கு வந்தாங்களாக்கா?" என்று கேட்டாய். அன்றைக்குப் போன குஷி உன் குரலில் இன்னும் திரும்பவில்லை.

அதற்கப்புறம்தான் பொங்கலுக்கு வந்து குதித்தாய். வருஷக்கணக்காக லீவு கிடைக்காதவனுக்குத் திடீரென்று எங்கிருந்து கிடைத்தது? சோழியன் குடுமி சும்மா ஆடுமா? வந்தவன் கூட்டாளிகளைப் பார்க்கப் போகவில்லை, படம் பார்க்கப் போகவில்லை. சமையலறை வாசலில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய். குளியலறைக்கு ஒன்று, அடுப்படிக்கு ஒன்று என்று சோப்பாக வாங்கிக் குவித்தாய். எண்ணெய்ப் பண்டம் தின்றால் வலது விலாவுக்குக் கீழே வலிக்குமா என்று கேட்டாய். வாய்வு என்றேன். எத்தனை வருஷமாக என்று கேட்டாய். இட்லியை ஆவி பறக்கப் பறக்கத் தட்டில் போடச் சொன்னாய், சட்னியைத் தொடவில்லை. சின்ன வயதில் சட்னிக்காக நம் அனிலோடு கட்டிப் புரண்டு சண்டை போட்டவன் நீ.

வெளிநாட்டு வாய்க்கு லைன் வீட்டுச் சோறு இறங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அங்கே யாரையோ கட்டிக்கொண்டு, அதைச் சொல்லத் தெரியாமல் தவிக்கிறாயோ என்றும் நினைத்தேன். அப்படி இருந்தாலும் கூட்டிக்கொண்டு வா, ஆரத்தி எடுக்கிறேன்.

ஆனால் கிளம்புகிற அன்று நீ செய்ததை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மைன்ஸ் மூடினதிலிருந்து இந்த ஊரில் பிள்ளைகளைப் பெறுவதே வெளியூருக்கு அனுப்பத்தான். போகிற பிள்ளை தயிர்ச்சோறு தின்றுவிட்டுப் போனால் போன காரியம் நடக்கும். அதை என் கையால் பிசைந்து ஒரு உருண்டை வாங்கிக்கொண்டால் இன்னும் ராசி என்று நம் லைனில் வழக்கமாகிவிட்டது. கொர்னேலியஸ் அண்ணன் வீட்டில்கூட, பாஸ்டர் ஜெபம் முடித்த கையோடு பிள்ளையை நம் வாசலுக்கு அனுப்புவார்கள். நானும் கல்யாணம் காட்சி என்று ஒன்றும் பார்க்காதவள். இந்த லைனில் எனக்கென்று இருக்கிற மரியாதை அந்த ஒரு உருண்டைதான்.

உனக்கும் கொடுத்தேன். காரில் சாப்பிடுகிறேன் என்று கையில் வாங்கிக்கொண்டாய். போன வாரம் டாக்சிக்கார ரூபேஷைக் கடைத்தெருவில் பார்த்தேன். அவன் வெள்ளந்தி. "யக்கா, அண்ணன் அத்த பெங்களூர் வரைக்கும் கையிலயே வெச்சினு வந்தாரு. சாப்புடுங்கண்ணான்னா தலைய மட்டும் ஆட்டறாரு. ஏர்போர்ட்டுல எறங்கி, குப்பத்தொட்டி எங்கன்னு கேட்டாரு. இன்னாக்கா, வூட்ல எதுனா சண்டையா?" என்றான்.

அது போதாதென்று நேற்று மமதா என்று ஒரு பெண் பெங்களூரிலிருந்து வந்தாள். ஐம்பது வயது தாண்டிய பெண்களுக்கு உடம்புப் பரிசோதனை என்றாள். ரத்தம் எடுத்தாள். மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்து, மலம் வேண்டும் என்றாள். எதற்கு என்றால், "சும்னே ஒந்து சர்வே அம்மா, அஷ்டே" என்று கன்னடத்தில் சொல்லிச் சிரித்தாள். சும்மா ஒரு சர்வே, அவ்வளவுதானாம். நம் லைனில் ஐம்பது தாண்டியவர்கள் எத்தனை பேர்! ஒரு கதவையும் தட்டாமல் நேராக என் வீட்டுக்கு வந்து, நேராகத் திரும்பிப் போனாள். முழுப் பூசணிக்காயை ஒரு பிடி சோற்றில் மறைக்கிற வித்தையை உனக்கு யார் கற்றுக்கொடுத்தது?

டப்பாவைக் கொடுக்கவில்லை. அது மாடத்தில் கவிழ்ந்து கிடக்கிறது. நீ சந்தேகப்படுவது தண்ணீரையோ சாக்கடையையோ இல்லை. உன் அக்காவின் கையை. கொலைகாரியை விசாரிப்பதுபோல் அன்பாக அன்பாகக் கேட்டு விசாரிக்கிறாய். சுற்றி வளைக்காமல் நேராகச் சொல். வசவும் சாபமும் எனக்குப் புதிதில்லை, தாங்கிக்கொள்வேன்.

கோபத்தோடு,
உன் அக்கா
ஜெயம்மா


ஊரிகம்,
மார்ச் 2

அன்புள்ள தம்பி நாகேஷுக்கு,

நீ போனில் எல்லாம் சொல்லி முடித்த அன்று நான் பட்டென்று போனை வைத்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. அடுப்பில் பால் வைத்திருந்தேன், பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோயிருந்தது. அதைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது. டைபாய்டு வந்து பிழைத்தவர்களில் சிலருக்கு உடம்பு தேறிவிடும், கிருமி மட்டும் பித்தப்பையில் தங்கிவிடும். அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. அடுப்பில் கொதிக்கிற எதிலும் அது பிழைக்காது, ஆறின சோற்றில் கையைப் போட்டுப் பிசைந்தால்தான் அடுத்தவருக்குப் போகும், அதுவும் எப்போதாவது. தின்றவர்கள் ஊரை விட்டுப் போய் அங்கங்கே படுத்ததால் இங்கே யாருக்கும் தோன்றவில்லை. உன்னைப்போல் எல்லா ஊரையும் சேர்த்துப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். என் பத்தொன்பதாவது வயதில் அம்மாவும் நானும் ஒரே வாரத்தில் கம்பெனி ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு படுத்தோம். நான் எழுந்து வந்தேன், அம்மா வரவில்லை. அந்தக் காலத்துக் கிருமி என்று நீ சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மமதாவை மறுபடி வரச்சொல்லி டப்பாவைக் கொடுத்துவிட்டேன். வேறு வேறு நாளில் மூன்று தடவை கேட்டாள், மூன்றும் கொடுத்தாகிவிட்டது. வெட்கப்பட்டதைப் பார்த்து, "நம்ம அம்மா தரா நீவு" என்றாள். அவளுடைய அம்மா மாதிரியாம் நான். நல்ல பெண். அவளைப் போன கடிதத்தில் திட்டியதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

இங்கே என்னைப் பற்றி இப்போது ஊர் பேசுகிறது. ராஜப்பா வீட்டு வளைகாப்புக்குச் சமைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தம்பி டாலரில் சம்பாதிக்கிறான், ஜெயம்மாவுக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்கிறார்கள். ஏதோ வேண்டுதல், யாருக்கும் கையால் கொடுக்கக்கூடாதாம் என்று ஒரு கதை. எனக்குச் சர்க்கரை முற்றிவிட்டது என்று இன்னொரு கதை. குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுபோகிறது. இத்தனை நாள் நான் உன்னைச் சந்தேகப்பட்டேன், இப்போது ஊர் என்னைச் சந்தேகப்படுகிறது.

அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். ஜெனிட்டா கிளம்பியதைத்தான் தாங்க முடியவில்லை. வாசலில் கார் நிற்கிறது. ஜெபம் முடிந்து, புதுச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து என் முன்னால் கையை நீட்டினாள். நான் முன்னேற்பாடாக விரலில் துணியைச் சுற்றி வைத்திருந்தேன். அரிவாள்மணை வெட்டிவிட்டது என்று சொல்லி, கடையில் வாங்கின வாழைப்பழத்தை எடுத்து நீட்டினேன். அந்தப் பெண் பழத்தைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். "எனக்கு மட்டும் இல்லியா பெரிம்மா?" என்று அழுதுவிட்டாள். கொர்னேலியஸ் அண்ணன் வாசலிலிருந்தே, "இன்னா ஜெயம்மா, எம் பொண்ணு உனுக்கு இன்னா தப்பு பண்ணிச்சி? தூர தேசம் போற புள்ளைக்கு ஒரு வாய் சோறு இல்லன்ற" என்றார். அவர் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. கார் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு துணியை அவிழ்த்தேன். கை நன்றாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து அழுதேன்.

பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே அவளுக்கு ஏன் கொடுக்காமல் விட்டாய் என்று நீ கேட்பாய். எனக்குத்தான் முடிவு தெரிந்துவிட்டதே.

நாகேஷ், போனில் நீ ஃப்ரெடியைப் பற்றிச் சொன்னாய். பவ்யாவைப் பற்றிச் சொன்னாய். வேலூரில் காலேஜ் சேர்ந்த முதல் மாதம் உனக்கே வந்ததே, அதைக்கூடச் சிரித்துக்கொண்டே சொன்னாய், "நான்தான்க்கா உன் முதல் கேஸ்" என்று. அவ்வளவு நேரம் பேசினாய், அனில் பெயர் உன் வாயில் வரவில்லை. கூடப் பிறந்தவனை மறக்கிறவன் இல்லை நீ. எதைச் சொல்கிறாய் என்பதைவிட எதை விடுகிறாய் என்று பார்ப்பது என் பழக்கம் என்று உனக்குத் தெரியும்.

உனக்குக் காய்ச்சல் வந்தபோது ஹாஸ்டல் தண்ணீர் என்றார்கள். நீ பிழைத்து வந்தாய். இரண்டு வருஷம் கழித்து அனில் பெங்களூருக்கு வேலைக்குப் போனான். பச்சைக் கட்டம் போட்ட சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரின தலை. வேண்டாம், வயிறு முட்ட இருக்கிறது என்றான். நான்தான் தாடையைப் பிடித்துத் தயிர்ச்சோற்று உருண்டையை ஊட்டினேன். மூன்றாவது வாரம் ரூமிலிருந்து தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டைபாய்டு முற்றிக் குடல் ஓட்டையாகிவிட்டது என்றார்கள். அவன் பிழைத்து வரவில்லை. அவன் சாப்பிட்ட மெஸ்ஸில்தான் வந்திருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். முகம்கூடத் தெரியாத அந்த மெஸ்காரனை இத்தனை வருஷம் விளக்கு வைக்கும்போதெல்லாம் சபித்திருக்கிறேன்.

முடிவு முதலில் உனக்குத்தான் வரும் என்று மமதா சொன்னாள். இருக்கிறது என்று வந்தால் மறைக்காதே. ஒரு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும், அதற்கும் போகாவிட்டால் பித்தப்பையை எடுத்துவிடலாம், அப்புறம் பழையபடி சமைக்கலாம் என்றாய். எடுக்கட்டும், கத்திக்கு நான் பயப்படவில்லை. ஃப்ரெடியிடமும் பவ்யாவிடமும் நானே சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். கொர்னேலியஸ் அண்ணனிடமும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள், நாலு வார்த்தை திட்டிவிட்டு மன்னிப்பார்கள்.

இன்னொன்றை மட்டும் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன். என்றைக்காவது ஒரு நாள் நான் உன்னைக் கேட்பேன். என் வாய் சும்மா இருக்காது. அனிலுக்கு எதனால் வந்தது என்று கேட்பேன். அப்போது, அவனுடைய ரத்தம் எதுவும் யாரிடமும் இல்லை, இனிமேல் பார்க்க வழியில்லை, அது மெஸ்ஸில் வந்ததாகத்தான் இருக்கும் என்று சொல். குரல் மாறாமல், யோசிக்காமல் சொல். மறுநாள் கேட்டாலும் அதையே சொல். நான் செத்துக்கொண்டிருக்கும்போது கேட்டாலும் அதையே சொல். நீ சொல்கிற ஒவ்வொன்றையும் துருவிப் பார்க்கிறவள்தான் நான். இந்த ஒன்றை மட்டும் நீ சொன்னபடியே நம்பிவிடுகிறேன் தம்பி.

நீ நூறு வயது நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
ஜெயம்மா