பெருசா ஒண்ணுமில்லீங்க

சூலூர்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்புக் கண்ணு கரோலினுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் இங்கே நடமாட்டத்துக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் ஊரில் நீயும் சளி கிளி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறேன். முதலில் போன சனிக்கிழமை என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், அம்மா போனில் முந்திக்கொள்வதற்குள். நம் நாய் பன்னு தின்றது போக மீதி இருந்த தீனி மூட்டையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, தெருநாய் எதற்காவது ஆகட்டும் என்று நம் ஊர் நாய் கிளினிக்கில் கொடுக்கப் போனேன். பெஞ்சில் என் பக்கத்தில் ஒருத்தர் கறுப்பு நாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாய் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. என்ன ஆச்சுங்க என்று கேட்டேன், 'பெருசா ஒண்ணுமில்லீங்க' என்றார். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு என்ன வந்ததோ தெரியாது, எழுந்து நின்று 'டாக்டரம்மா, ஓடியாங்க, இங்க அவசரமுங்க!' என்று கத்திவிட்டேன். கடையில் மோட்டார் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகின தொண்டை, கேட்க வேண்டுமா. உள்ளே மேஜை மேல் இருந்த பூனை ஒரே தாவில் அலமாரி உச்சிக்குப் போய்விட்டது. டாக்டரம்மா கையுறையோடு ஓடி வந்தார். அது நகம் வெட்ட வந்த நாய் கண்ணு. அந்த மனுசர் என்னைப் பார்த்து, 'ஏனுங்க, நகம் வெட்டறதுக்கே இந்தக் கத்து கத்தறீங்க, ஊசி போட்டா ஊரைக் கூட்டிருவீங்களாட்ட இருக்குது' என்றார். பெஞ்சே சிரித்தது, நானும் பல்லைக் காட்டிவைத்தேன். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

ஏன் கத்தினேன் என்று உனக்குச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நீ டியூட்டி முடிந்து கண்ணெல்லாம் சிவந்து உட்கார்ந்திருப்பாய், நான் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன், அதுதானே எப்போதும் நடக்கிறது. நல்லவேளையாக நம் பின்வீட்டு ஷ்ரவ்யா வியாழக்கிழமை அயர்லாந்துக்கே கிளம்புகிறாள், அவளிடம் பருப்புப் பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் கொடுத்துவிடுகிறோம், அதற்குள்ளே இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். எண்ணெய் பட்டிருந்தால் திட்டாதே.

பன்னுவுக்கு வயதாகிவிட்டது, திடீரென்று போய்விட்டான், டாக்டர் எவ்வளவோ பார்த்தார் என்று போன மாதம் உனக்குச் சொன்னோம் அல்லவா. டாக்டர் பார்த்தது உண்மை. வயது ஆனதும் உண்மைதான், ஆனால் அவன் வயதால் சாகவில்லை. அன்றைக்கு ஷ்ரவ்யாவின் தம்பிக்குக் கோயிலில் புதுநன்மைச் சடங்கு, மத்தியானம் கறி விருந்து. நான் வழக்கம்போல என் வயிற்றுக்கு மேலே தின்றுவிட்டு, மிச்சமிருந்த கறிச்சோற்றை ஒரு பை நிறைய வாங்கி வந்து பன்னுவுக்கு வைத்தேன். நீ இருந்தால் விட்டிருக்கமாட்டாய். அவன் தலையைத் தூக்காமல் தின்றான். அதோடு விட்டேனா, தின்றது செரிக்கட்டும் என்று வெயில் தாழக்கூட விடாமல் குளக்கரைக்குக் கூட்டிப் போய்ப் பந்தை வீசி வீசி ஓடவிட்டேன். பெரிய நாய்களுக்கு வயிறு நிறைந்த கையோடு ஓட்டம் ஆகாது என்பது எனக்கு அன்றைக்குப் பிறகுதான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் வாந்தி எடுக்கிற மாதிரி குனிந்து குனிந்து பார்த்தான், ஒன்றும் வரவில்லை, எச்சில்தான் ஒழுகியது. ஓரிடத்தில் படுக்கமாட்டான், எழுவான், சுற்றுவான், மறுபடியும் என் காலடிக்கே வருவான். உன் அம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'ஏனுங்க, தோல் மேளமாட்ட விறைச்சிருக்குது, உடனே கிளம்புங்க. அங்க போயி போன உடனே அவசரம்னு சொல்லுங்க, பல்லைக் காட்டிட்டு உக்காந்திராதீங்க' என்றாள். இந்த மனுசனோடு இத்தனை வருசம் குடித்தனம் செய்தவள், சரியாகத்தான் சொல்லி அனுப்பினாள்.

கடை வேனில் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், பெஞ்சு நிறையக் கூட்டம். அங்கே வாய்ப்பூட்டு மாட்டித்தான் நாயை உட்காரவைக்க வேண்டும், அதுதான் அவர்கள் சட்டம், மாட்டினேன். எனக்கு முன்னால் ஒருத்தர்தான் இருந்தார், அடுத்து நாம். அப்போது சாந்தாமணி என்று ஒரு அம்மா பூனைக்குட்டியைக் கூடையில் வைத்துக்கொண்டு வந்தார், தடுப்பூசி போட. 'பல்லடம் பஸ்ஸை விட்டா அப்புறம் எனக்கு வண்டியில்லீங்க' என்று பொதுவாகச் சொன்னார், என்னிடம்கூடக் கேட்கவில்லை. நானே, 'நீங்க போங்க அம்மணி, எங்களுக்கென்ன, ஊட்டுப் பக்கந்தானுங்க' என்றேன். அவர் உள்ளே போன பிறகு கதிர்வேல் என்று ஒரு பையன், கல்யாணம் ஆன புதிது போல, பெண்டாட்டியோடு ஒரு குட்டி நாயைத் தூக்கி வந்திருந்தான், பூச்சி மருந்துக்கு. அந்தப் பெண் நிற்க முடியாமல் மாசமாக இருந்தாள். அவர்களையும் போங்க என்றேன். இதில் எதற்கும் என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை கண்ணு. பன்னு என் முழங்காலில் தலையை வைத்து நின்றபடியே இருந்தான், படுக்கவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடுவில் டாக்டரம்மாவே கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, 'அவசரமா யாருக்காவது பாக்கணுமா?' என்று கேட்டார். சாய்ப்ரியா என்று பேர், உன் வயதுதான் இருக்கும், தூத்துக்குடிப் பக்கம். நேராக என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் எழுந்து நின்று என்ன சொன்னேன் தெரியுமா, 'பெருசா ஒண்ணுமில்லீங்க டாக்டர், வயிறு மட்டும் கொஞ்சம் உப்புசமா இருக்குதுங்க, நீங்க அவங்களைப் பாத்துப்போட்டு வாங்க.' அவர் சரி என்று கதவைச் சாத்திக்கொண்டார். நம் கடைக்குக் கிணற்று மோட்டாரைத் தூக்கி வருகிற காட்டுக்காரர் பாலுசாமி அண்ணனை உனக்குத் தெரியுமே, 'ஒண்ணும் அவசரமில்லீங்க, மெதுவா பாருங்க' என்பார். வயலில் பயிர் வாடுகிறது, மாடு தண்ணீருக்குக் கத்துகிறது என்று அர்த்தம். மெதுவா என்று சொன்ன வாயோடு கடை வாசலை விட்டு நகரமாட்டார். நான் அவர் மோட்டாரைத்தான் முதலில் பிரிப்பேன், மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற தொழிலில் பாதி இந்தக் கணக்குதான். அதே மாதிரி டாக்டரம்மாவும் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார் என்று நினைத்துவிட்டேன். அந்தப் பெண் தூத்துக்குடி, அங்கே ஒண்ணுமில்லை என்றால் ஒண்ணுமில்லைதான் போல.

கம்பவுண்டர் கீதாதான் முதலில் பார்த்தது. பன்னு அப்படியே மடங்கி உட்கார்ந்தான். கீதா உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, 'டாக்டர், ஈறெல்லாம் வெளுத்துப்போச்சுங்க' என்று கத்தினாள். அப்புறம் எல்லாம் ஓட்டம்தான். இரைப்பையில் காற்று ஏறி அது முறுக்கிக்கொண்டதாம், ஊசி போட்டுக் காற்றை எடுத்துவிட்டு உடனே வயிற்றைத் திறந்தார்கள். நான் வெளியே அவன் வாய்ப்பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். டாக்டரம்மா வெளியே வந்தபோது அவர் முகமே சொல்லிவிட்டது. 'இது சீக்கிரம் வந்தாலும் சில நேரம் கைவிட்டுப் போயிரும் சார், நான் உறுதியாச் சொல்ல மாட்டேன். ஆனா வயித்துல கை வச்சாலே எனக்குத் தெரிஞ்சிருக்கும். இங்கனதான உக்காந்திருந்தீங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா' என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்தப் பெண் அழுதுவிட்டது. இரண்டு தெரு தள்ளி மோட்டார் கருகினாலும் வாசத்தில் சொல்கிற ஆள் நான், என் முழங்காலில் தலை வைத்திருந்தவனைத் தெரியாமல் விட்டேன்.

உன் அம்மாவிடம் கூட்டம் அதிகம், நேரமாகிவிட்டது என்று மட்டும்தான் சொன்னேன். பின்னால் கொய்யா மரத்தடியில் உன் தம்பி ஜெஃபின் குழி எடுத்தான், திருப்பூரிலிருந்து லீவு போட்டு வந்தான், அவன் அழுததை நீ கேட்காதே, கூச்சப்படுவான். என் குட்டு பத்து நாள்கூடத் தாங்கவில்லை. அந்தச் சாந்தாமணி அம்மா கிளினிக்கில் சேதி கேட்டு, விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். கண் கலங்கி உன் அம்மாவிடம், 'உங்கூட்டுக்காரரு மாதிரி மனுசரைப் பாக்க முடியாதுங்க, அத்தனை சீக்குல நாயை வச்சுக்கிட்டு எனக்கு முன்னால விட்டாருங்களே' என்றார். என்னைப் பாராட்டத்தான் வந்தார். நான் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு நின்றேன், உன் அம்மா காபி போட்டுக் கொடுத்து அனுப்பினாள், பிறகு என் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியே பழகின வீடு, அவள் பேசாமல் இருந்தால் சோறு இறங்குகிறதா பார். ஒரு வாரம் கழித்து, 'கரோலினுக்கு நான் சொல்ல மாட்டேனுங்க, நீங்களே எழுதுங்க' என்று இந்தப் பேப்பரை எடுத்துவைத்தவளும் அவள்தான்.

சனிக்கிழமை நான் கத்திய பிறகு டாக்டரம்மா என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டார். நீங்க இனிமே வர மாட்டீங்கன்னு நெனச்சேன் என்றார். தீனி மூட்டையை வாங்கிக்கொண்டார். இப்போதெல்லாம் அவசரமா என்று வாயால் கேட்பதே இல்லையாம், கீதா பெஞ்சு ஓரமாக நடந்து ஒவ்வொரு உயிரையும் தொட்டு, ஈறைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறாளாம். 'உங்க ஊர்ல சாகக் கிடந்தாலும் ஒண்ணுமில்லீங்கன்னுதான் சொல்லுவீங்க, நான் கத்துக்கிட்டேன்' என்றார். பன்னு போனதில் ஊருக்கு அது ஒன்று மிச்சம். எனக்கு அதில் ஆறுதல் வருகிறதா என்றால், வரவில்லை கண்ணு. இன்னும் காலையில் சோறு வடித்ததும் கை தன்னால் அவன் தட்டைத் தேடுகிறது. அவன் என்னை நம்பித்தான் அந்த முழங்காலில் தலையை வைத்தான், நீயும் என்னை நம்பித்தான் அவனை விட்டுப் போனாய். என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

மற்றபடி இங்கே விசேசம் ஒன்றும் பெரிதாக இல்லை. அம்மாவுக்கு முழங்கால் மாடிப்படியில் மட்டும் பிடிக்கிறது, ஆர்.எஸ்.புரத்தில் எலும்பு டாக்டரைப் பார்க்கலாம் என்றால், இருக்கட்டுங்க என்கிறாள், பார், அவளும் இதே ஜாதிதான். வம்படியாகக் கூட்டிப் போகப் போகிறேன். நீயும் அங்கே ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறவள், உனக்கு ஏதாவது என்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், என் பெண் என்பதால்தான் பயப்படுகிறேன். ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. உன் வீட்டுக்காரம்மா வளர்க்கிற நாய்க்குச் சோறு வைத்த கையோடு ஓடவிட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். மாதா உன்னை மடியில் வைத்துக் காப்பாற்றட்டும், போகும் வழியும் வரும் வழியும் உனக்கு வெளிச்சமாக இருக்கட்டும். கடிதம் கிடைத்ததும் ஒரு மெசேஜ் போடு, திட்டி இருந்தாலும் சரி.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் நீ போனில், 'இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்டு வரட்டுங்களாப்பா, வேலையை நீட்டித் தர்றாங்க' என்று கேட்டாய். நான் சிரித்துக்கொண்டே, 'இரு கண்ணு, இங்க பெருசா ஒண்ணுமில்ல, எங்களுக்கென்ன அவசரம்' என்றேன். நீயும் சரி என்று வைத்துவிட்டாய். உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை, நீ நன்றாக இருக்கிற இடத்தில் இரு. ஆனால் அந்தப் பெஞ்சில் நான் சொல்லாமல் விழுங்கினது எதுவோ, அன்றைக்கு உன்னிடம் விழுங்கினதும் அதேதான். எங்களுக்கும் அவசரந்தான் கண்ணு.

உன் அப்பா,
அமிர்தநாதன்