கொள்ளிடம் தாண்டி நீங்கள் சொன்னது

என் பாசத்துக்குரிய ஹாஜா மச்சானுக்கு,

அல்லாஹ் உங்கள் கபரை வெளிச்சமாக்கி வைக்கட்டும். உங்கள் வண்டி இப்போது சத்தமே போடுவதில்லை. நேற்று கூரையை மூடிக்கொண்டு திருநள்ளாறு ரோட்டில் எண்பதில் ஓட்டிப் பார்த்தேன். பக்கத்து சீட்டில் ஒருவர் பெருமூச்சு விட்டால்கூடக் கேட்கும். விடத்தான் ஆள் இல்லை.

இதை யாரிடம் போய்ச் சொல்ல? உங்கள் மனைவி, என் கூடப்பிறந்த லாத்தா, என்னோடு முகம் கொடுத்துப் பேசிப் பதினேழு நாள் ஆகிறது. நான் செய்ததை உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

வளைகுடாவில் இருபத்திரண்டு வருஷம் ஒரு அரபி வீட்டில் டிரைவராக இருந்தீர்கள். அந்த வீட்டு மகனிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. பட்டனை அமுக்கினால் இரும்புக் கூரை மடிந்து டிக்கிக்குள் போய்விடும். தினமும் துடைத்தது நீங்கள், திறந்து ஓட்டியது அவன். வேலையை விட்டு ஊரோடு வந்தபோது, சென்னையில் தேடி அலைந்து அதே மாதிரி ஒரு பழைய வண்டியைப் பிடித்துக் காரைக்காலுக்கு ஓட்டி வந்தீர்கள். ரெண்டே சீட்டு. தெருவே சிரித்தது. "ரெண்டு பேருக்கு மேல யாருக்குடா வேணும்? நானும் உன் லாத்தாவுந்தானே" என்றீர்கள். பிள்ளையில்லாத வீட்டில் அதைச் சிரித்துக்கொண்டே சொல்ல உங்களால் முடிந்தது.

கூரையைத் திறந்து ஓட்டினால் காற்று. மூடினால் அதைவிட மோசம். கூரை இணைப்புகளில் ரப்பர் எல்லாம் உப்புக் காற்றில் காய்ந்து வெடித்திருந்தது. அறுபதைத் தாண்டினால் கண்ணாடி ஓரத்தில் விசில் அடிக்கும். டயர் இரைச்சல் டிக்கி வழியாகப் புகுந்து முதுகுக்குப் பின்னால் முழங்கும். "ஒங்க குரலுக்கு முன்னாடி இது எம்மாத்திரம் மச்சான்" என்று கேலி செய்வேன். கடற்கரையில் நின்று நீங்கள் கூப்பிட்டால் பஸ் ஸ்டாண்டில் திரும்பிப் பார்ப்பார்கள் என்று லாத்தாவும் சொல்வாள்.

அந்தக் குரலைத்தான் தொண்டையில் வந்த புற்று எடுத்துக்கொண்டது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு உங்களுக்கு மிஞ்சியது வெறும் காற்று, அதில் ஒட்டிக்கொண்டு வருகிற சில சொற்கள். செவ்வாய்க்கிழமைதோறும் மருந்து ஏற்றப் புதுச்சேரி போக வேண்டும். வாடகைக் கார் பிடித்தால் தானும் வரலாம் என்று லாத்தா கெஞ்சினாள். நீங்கள் தலையை ஆட்டி மறுத்தீர்கள். "இருக்குற வரைக்கும் என் வண்டிதான்." தொண்டையில் தூசி படக்கூடாது என்பதால் கூரையைத் திறக்கவே முடியாது. மூடிய கூரைக்குள் நீங்கள் உதட்டை அசைப்பீர்கள், நான் ஓட்டிக்கொண்டே "என்ன மச்சான், என்ன மச்சான்" என்று கத்துவேன். போனில் எழுதிக் காட்டச் சொன்னேன். "எழுதுற விஷயமில்லடா" என்றீர்கள். அந்த ஒன்றைச் சொல்லவே மூன்று தடவை ஆயிற்று.

கார் சீட்டுக்கு உறை தைக்கிறவன் நான். இதுகூட முடியாதா என்று ஒரு வெறி வந்தது. ஞாயிறுதோறும் வண்டியைக் கடைக்குள் ஏற்றினேன். கதவு இடுக்கில் காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்ப்பேன். சும்மா உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று புகுகிறது என்று அர்த்தம். இணைப்புகள் மேல் டேப்பை ஒட்டி ஓட்டுவேன், ஒவ்வொன்றாகப் பிரித்து எந்த இடம் கத்துகிறது என்று கண்டுபிடிப்பேன். கூரை ரப்பரை மாற்றினேன். தரைவிரிப்பைத் தூக்கி அடியில் அதிர்வைத் தாங்கும் தகடு ஒட்டினேன். சீட்டுக்குப் பின்னால், டிக்கியை மறைக்கிற பலகையில் கம்பளியை இரண்டு மடிப்பாக வைத்து அடைத்தேன். தேய்ந்த டயரையும் மாற்றினேன். நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, விரலை நீட்டி இடம் காட்டுவீர்கள். ஒவ்வொரு செவ்வாயும் ஒன்றிரண்டு சொல் கூடுதலாகக் கேட்டது. இடது கதவுக் கண்ணாடி ரப்பர் மட்டும் பாக்கி. வெளியூரிலிருந்து வர வேண்டும், இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தது. அந்த விசில் உங்கள் காதோரம் அடித்துக்கொண்டே இருந்தது.

அந்தக் கடைசிச் செவ்வாய். கொள்ளிடம் பாலம் தாண்டியதும் என் தோளைத் தொட்டீர்கள். ரோட்டைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தீர்கள். இரண்டு மூன்று நிமிஷம் பேசியிருப்பீர்கள். நோய் வந்தபின் அவ்வளவு நீளமாகப் பேசி நான் பார்த்ததில்லை. ஒரு பஸ் நம்மை உரசிக்கொண்டு முந்தியது, விசில் அலறியது. எனக்குக் கேட்டது "மெஹரு" என்று லாத்தாவின் பெயர், கடைசியில் "சொல்லிடு". நடுவில் உள்ளது எல்லாம் போயிற்று.

நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் "சரி மச்சான், சொல்லிடுறேன்" என்றேன்.

ஏன் ஓரங்கட்டவில்லை? எஞ்சினை அணைத்துவிட்டு "எனக்குக் கேக்கல, திரும்பச் சொல்லுங்க" என்று கேட்க ஒரு நிமிஷம் போதுமே. நீங்கள் அவ்வளவு சிரமப்பட்டுப் பேசியிருந்தீர்கள். பாரத்தை இறக்கி வைத்தவர் போலச் சாய்ந்து கண்ணை மூடினீர்கள். திரும்பி வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வரும்போது தூங்கிவிட்டீர்கள். அந்த வாரமே தொண்டை வீங்கி, மூச்சு விடக் கழுத்தில் துளை போட்டார்கள். அதற்குப் பிறகு காற்றுகூட வாய்க்கு வரவில்லை. எழுதச் சொல்லலாமா என்று பேனாவோடு நின்றேன். உங்கள் விரலில் பேனா நிற்கவில்லை. ஒன்பதாம் நாள் மௌத்தாகிவிட்டீர்கள்.

அடக்கம் முடிந்து வந்ததும் லாத்தா என் சட்டையைப் பிடித்தாள். "வண்டில ரெண்டு பேருந்தானடா போனீங்க. என்கிட்டச் சொல்லச் சொல்லி எதுவும் சொன்னாங்களா?"

ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்? எல்லோரும் போகும்போது சொல்வதுதானே என்று நினைத்து, "உங்கிட்ட மன்னிப்புக் கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க லாத்தா" என்றேன். அவள் அழுகையை நிறுத்தினாள். ஆறுதல் கிடைத்துவிட்டது என்றுதான் நான் எண்ணினேன், மச்சான்.

அவள் இத்தாவில், நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தாள். அந்த நாளில்தான் இடது கதவு ரப்பர் வந்தது. போட்டு முடித்தேன். யாருக்காக என்று தெரியாது. இத்தா முடிந்ததும், "அவங்க உக்காந்த சீட்டுல ஒருவாட்டி உக்காரணும்" என்றாள். தரங்கம்பாடி வழியாகக் கூட்டிப் போனேன். சீட்டு உறையைத் தடவிக்கொண்டே வந்தாள். பிறகு மெதுவாகத்தான் கேட்டாள். ஓர் எழுத்துக்கூட என் காதுக்குத் தவறவில்லை.

"எதுக்குத் தம்பி மன்னிப்புக் கேட்டாங்க? அங்க வேற குடும்பம் இருந்துச்சா?"

வளைகுடாவில் உங்களோடு ஒரே அறையில் தங்கியிருந்த சிநேகிதருக்குப் போன் போட்டு விசாரித்திருக்கிறாள். அவர் சத்தியம் செய்தும் நம்பவில்லை. உங்கள் பெட்டியைக் கொட்டித் துழாவியிருக்கிறாள். அதற்குப் பிறகு எப்படி மறைப்பேன்? வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, மன்னிப்பு என்றது நானாகச் சொன்னது என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. "எனக்குன்னு சொன்ன பேச்சத் தொலைச்சிட்டு, நீயா ஒண்ணச் செஞ்சு என் கையில குடுத்துருக்கே. இத்தாவுல ஒக்காந்து அவங்களுக்கு துஆ கேக்காம, மனசுக்குள்ள ஏசிட்டுக் கெடந்தேன் தம்பி. அவங்க என்னடா பாவம் செஞ்சாங்க?" என்றாள். கதவைத் திறந்து இறங்கி நடந்தாள். பின்னாலேயே ஓடினேன். காரைக்கால் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் மச்சான்? மறுமணம் செய்துகொள்ளச் சொன்னீர்களா? வீட்டைப் பற்றியா? அவளிடம் என்றைக்கும் வாய்விட்டுச் சொல்லாத பிரியத்தையா? வேலைக்கு நடுவில் யோசிக்கிறேன், தொழுகையில்கூட யோசிக்கிறேன். எனக்குத் தோன்றுவது எல்லாம் என் சொற்கள்தான், உங்களுடையது ஒன்றும் வரமாட்டேன் என்கிறது.

போன வெள்ளி அவள் வீட்டு வாசலுக்குப் போனேன். உள்ளேயிருந்து "போ" என்றாள். இந்த வெள்ளியும் போவேன். கதவு திறக்காவிட்டாலும் அடுத்த வெள்ளி போவேன். அவள் எப்போதாவது கேட்டால், என் காதில் விழுந்த அந்த இரண்டு சொல்லை மட்டும் சொல்வேன். அவள் எவ்வளவு அழுதாலும் சரி, உங்கள் பெயரில் மூன்றாவதாக ஒரு சொல் என் வாயிலிருந்து வராது. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் பேச்சைத் தொலைத்த மச்சினன்,
ஜலீல்