நீ நிறுத்திய இளஞ்சேவல்

நேற்றுப் பின்னேரம் உன் மனைவி காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன வான்கோழிப் பொம்மை இப்போது என் கராஜில் நிற்கிறது. பெயின்ற் மணம் வீடு முழுக்க. கதவைச் சாத்தி வைத்தாலும் குசினி வரைக்கும் வருகிறது. என் மனைவி யன்னலைத் திறந்துவிட்டு, "செத்துப்போன மனுசனோட கோவிச்சு என்ன செய்யப் போறியள்?" என்று கேட்கிறாள். ஆள் செத்தால் கோபமும் சேர்ந்து சாகவேண்டும் என்று யார் சொன்னது? எனக்குச் சாகவில்லை. உன் தகனத்தில் பின்வரிசையில் நின்றபோதும் சாகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன், மச்சான். நீ வாசிக்கப் போவதில்லை என்பது தெரியும். உயிரோடு இருந்தபோது மட்டும் நான் சொன்னதை என்ன கேட்டாய்?

எழுபத்து நான்கில் நான் இந்த நாட்டுக்கு வந்து டண்டினொங் தொழிற்சாலையில் சேர்ந்தபோது அங்கே இருந்த ஒரே தமிழன் நீ. பிரஸ் மெஷின்களின் இரைச்சலுக்குள் என் காதருகே வந்து, "யாழ்ப்பாணமோ?" என்று கேட்டாய். அந்த ஒரு சொல்லுக்காக நான் உன் பின்னால் எங்கே என்றாலும் வந்திருப்பேன், வந்தேன். கிரிக்கெட் விளையாடக் கூப்பிட்டிருக்கலாம். நீ வேட்டைக்குக் கூப்பிட்டாய். அதுவும் துவக்கோடு அல்ல, மல்கிரேவில் உன் அயல்வீட்டுக்காரர் வேண்டாமென்று தந்த ஒரு பழைய மரவில்லோடு. "ஏன்டா, உனக்கு விசரோ?" என்று கேட்டேன். "ஓம். நீயும் வா," என்றாய்.

கிப்ஸ்லாந்துப் பக்கம் உனக்கொரு பால்பண்ணைக்காரரைத் தெரிந்திருந்தது. அவருடைய தகப்பன் காலத்தில் தப்பியோடிய வான்கோழிகள் பற்றைக்குள் பெருகி, மாட்டுத் தீவனத்தைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. துவக்குச் சத்தத்துக்கு மாடுகள் மிரளும், பால் குறையும் என்பதால் வில்லோடு வருகிறவனை மட்டும்தான் அவர் உள்ளே விட்டார். உன் விசருக்கு ஏற்ற ஆள்.

துவக்கென்றால் தூரத்திலேயே கதை முடிந்திருக்கும். மரவில்லுக்கு வான்கோழி பத்துப் பன்னிரண்டு கஜத்துக்குள் வரவேண்டும். வந்தாலும் நாணை இழுக்கும்போது கை அசையும், அந்த அசைவை அது காணாமல் விடாது. இழுத்த நாணைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கவும் முடியாது, தோள் நடுங்கத் தொடங்கிவிடும். ஆகவே வில்லைவிட, பறவையைக் கிட்டக் கூப்பிடும் பொம்மைதான் முக்கியம் என்று நீ சொன்னாய். எந்தப் பொம்மை என்பதில்தான் நாங்கள் ஒரு வசந்தகாலம் முழுவதும் சண்டை பிடித்தோம்.

நான் பேடுதான் என்றேன். சேவல் வேறெதற்கு வரும்? கோழிவலைக் கம்பியை வளைத்து, பேப்பரும் பசையும் ஒட்டி, இரண்டு பேடுகள் செய்தோம். அதிகாலையில் பற்றைக்குள் படுத்திருந்தோம். சேவல் வந்தது. வந்து, அம்பு எட்டாத தூரத்தில் நின்று, வாலை விரித்து, இறக்கையை நிலத்தில் உரசி, மாப்பிள்ளை மாதிரி மேலும் கீழும் நடந்தது. பேடு தன்னிடம் வரட்டும் என்று அது காத்திருந்தது. எங்கள் பேடுகளோ பேப்பர். வெயில் ஏறியதும் அது தன்பாட்டில் போய்விட்டது. நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

அடுத்த முறை, வாலை முழுதாக விரித்த பெரிய சேவல் ஒன்றைச் செய்தாய். பண்ணைக்காரர் தந்த உண்மையான வால் இறகுகளைச் செருகி, பார்க்கவே பயமாக இருந்தது. வான்கோழிகளுக்கும் பயமாகத்தான் இருந்தது. இரண்டு சேவல்கள் எட்டிப் பார்த்தன, திரும்பி ஓடின. அன்றைக்குச் சிரித்தது நான்.

மூன்றாவதாக நீ செய்ததுதான் இப்போது என் கராஜில் நிற்பது. இளஞ்சேவல். வால் பாதி விரிந்திருக்கும், கழுத்துச் சிவப்பும் கொஞ்சம்தான். பெரிய சேவலுக்கு இதைக் கண்டு பயமில்லை, ஆத்திரம் மட்டும்தான். நேற்று முளைத்ததெல்லாம் என் இடத்தில் வந்து நிற்கிறதா என்று நேரே அடிக்க வரும். "ஆசை வந்தா தூர நிண்டு காத்திருக்கும்டா. கோவம் வந்தாத்தான் கிட்ட வரும்," என்றாய். நான் பொம்மையைச் சேவல் வரும் பக்கம் பார்க்க நிறுத்தினேன். நீ வந்து அதைத் திருப்பி, எங்களைப் பார்க்க வைத்தாய். "முகம் எங்கட பக்கம் இருக்கவேணும். அவன் இதின்ர முகத்துக்கு நேரதான் வந்து நிப்பான். அப்ப அவன்ர முதுகு எங்களுக்கு. விரிச்ச வால் அவன்ர கண்ணை மறைக்கும். நான் ஆறுதலா இழுப்பன்."

அப்படியே நடந்தது. சேவல் தலை சிவந்து, கழுத்துப் புடைத்து ஓடிவந்து, பொம்மையின் முகத்துக்கு நேரே நின்று, கழுத்திலே ஒரு கொத்துக் கொத்தியது. பேப்பர் கிழிந்து கம்பி தெரிந்தது. நீ அதன் முதுகுக்குப் பின்னால் அவசரப்படாமல் எழுந்து நாணை இழுத்தாய். ஒரே அம்பு. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான்தான் உன்னைப் புகழ்ந்துகொண்டு வந்தேன். மடையன் நான், அந்த வித்தையை அன்றைக்கு அவ்வளவு ரசித்தேன்.

அதற்கு அடுத்த வருடம் எங்கள் பகுதியில் வேலை செய்த கிரேக்கர் ஒருவருடைய இரண்டு விரல்களைப் பிரஸ் மெஷின் எடுத்தது. மெஷினுக்குப் பாதுகாப்புக் கூடு போடச் சொல்லிப் பல தடவை கேட்டும் போடவில்லை. நாங்கள் இருவரும் மனேஜரிடம் போவதென்று முடிவு செய்தோம். அப்போது என் தம்பியை இங்கே கூப்பிட நான் ஸ்பொன்சர் பேப்பர்கள் போட்டிருந்தேன். எனக்கு நிரந்தர வேலை இருந்தால்தான் அவனுக்கு விசா. இது உனக்குத் தெரியும். உன் வீட்டுக் கதிரையில் இருந்துதான் அந்தப் பேப்பர்களை நிரப்பினேன். உன் மனைவி தேத்தண்ணி தந்தார்.

"நீ முதல் கதை, நான் பிறகு கதைக்கிறன்," என்றாய். போனோம். என் குணம் உனக்குத் தெரியாததா? மனேஜர் கிரேக்கரின் கவனக்குறைவு என்று சொன்ன உடனே எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. மேசையில் அடித்துக் கத்தினேன். அவரும் எழுந்து என் முகத்துக்கு நேரே வந்து கத்தினார். முகமெல்லாம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து நின்றது. அவருடைய தோளுக்கு மேலால் உன்னைப் பார்த்தேன். நீ அவருக்குப் பின்னால், யன்னலோரம், கையில் ஒரு சுருட்டிய வரைபடத்தோடு நின்றாய். வாய் திறக்கவில்லை. எனக்காகக் கவலைப்பட்ட முகமும் இல்லை. ஆறுதலாக நின்றாய். அந்த நிலையை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கே என் வேலை போனது. என்னை வெளியே அனுப்பிய பிறகு, கத்திக் களைத்திருந்த அந்த மனுசனிடம் நீ மெல்லிய குரலில் பேசி, வரைபடத்தை விரித்துக் காட்டி, எல்லா மெஷினுக்கும் கூடு போட வைத்துவிட்டாய். நல்ல காரியம். இல்லையென்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அடுத்த வேலை கிடைக்கும் முன் தம்பியின் பேப்பர்கள் திரும்பி வந்துவிட்டன. அவன் சாம்பியாவுக்குப் படிப்பிக்கப் போனான். அம்மா செத்தபோது நாங்கள் இருவரும் இரண்டு கண்டங்களில் தனித்தனியே அழுதோம்.

அந்தக் கிழமையே உன் வீட்டுக்கு வந்து கேட்டேன். "கூட்டின்ர படம் முதலே கீறி வைச்சிருந்தனியோ?"

"ஓம்."

"நான் கத்துவன் எண்டும் தெரியும்?"

"தெரியும். அவனுக்கு யாரிலயாவது கோவத்தைக் கொட்டவேணும். கொட்டின பிறகுதான் காது கேக்கும்."

"அப்ப என்னைக் கொண்டுபோய் நிப்பாட்டினனீ."

நீ நிலத்தைப் பார்த்தாய். பிறகு, "வேலை நடந்ததடா. இனி ஒருத்தன்ர விரலும் போகாது," என்றாய். நான் செருப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் வெளியே வந்தேன். அதோடு எங்கள் பேச்சு முடிந்தது.

எழுபதுகள் முடியப்போகின்றன. இத்தனை வருடத்தில் மல்கிரேவிலிருந்து டண்டினொங்கில் இருக்கும் என் வீட்டுக்கு உன்னால் ஒருமுறைகூட வர முடியவில்லை. காரில் ஒரு பாட்டுக் கேட்டு முடிக்கும் தூரம். ஆனால் நேற்று உன் மனைவி சொன்னார்: "நெஞ்சு வருத்தம் எண்டு வேலைக்குப் போகாமல் நிண்ட நாளெல்லாம் இதைத்தான் திருத்திக்கொண்டு இருந்தவர், அண்ணை. உங்களிட்டக் குடுக்கச் சொன்னவர். வேற ஒண்டும் சொல்லேல்ல."

பார்த்தேன். சேவல் கொத்திக் கிழித்த கழுத்துக்குப் புதுப் பேப்பர் ஒட்டி, உரஞ்சி, பெயின்ற் பூசியிருக்கிறாய். தழும்பே தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைத் தூக்கி வேலிக்கு வெளியே எறியப் போனேன். பொம்மையின் கழுத்தைத் திருத்த உனக்கு நேரம் இருந்தது. என் வீட்டுக் கதவைத் தட்டி, "பிழை விட்டிட்டன் மச்சான்," என்று சொல்ல நேரமில்லை. இதுதான் உன் மன்னிப்பு என்றால், அதை நீயே வைத்திருந்திருக்கலாம். எறியவில்லை. ஏன் என்று எனக்கே தெரியாது. கராஜில் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் தொழிற்சங்கப் பிரதிநிதி நான்தான். உன் வித்தையை நானும் செய்கிறேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது? ஒருவர் கத்தவேண்டும், மற்றவர் பேசவேண்டும், அப்போதுதான் மேலே இருப்பவர்கள் இறங்கி வருகிறார்கள். ஆனால் உள்ளே போகமுன் கத்தப்போகிறவரைத் தனியே கூப்பிட்டு, "உன்ர வேலையும் போகலாம். நிக்கிறியா?" என்று கேட்கிறேன். சிலர் மாட்டேன் என்கிறார்கள். அன்றைக்கு நானே கத்துகிறேன். பலர் நிற்கிறார்கள்.

என்னைப் பாவித்தது அல்ல என் கோபம், மச்சான். தம்பியின் பேப்பரைக்கூட எப்படியோ விழுங்கியிருப்பேன். அந்த யன்னலோரம் போகமுன் நீ என்னிடம் ஒருதரம் கேட்டிருக்கலாம். அந்தக் கிரேக்கரின் கையை நானும்தான் துணியால் சுற்றிப் பிடித்தேன். கேட்டிருந்தால் நானே போய் அவர் முன்னால் நின்று, வேண்டுமென்றே இன்னும் உரக்கக் கத்தியிருப்பேன். உனக்குச் சொல்ல என்னிடம் ஒரு "ஓம்" இருந்தது. அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.